சீட்டை மாற்றுங்கள், சாயத்தில் அவசரம் வேண்டாம்

பழைய மரப்படகில் சீட்டின் நிறத்தையும் மரத்தின் சாயத்தையும் மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். சீட் உறையை உங்களுக்குப் பிடித்த கிரீம் நிறத்துக்குத் தாராளமாக மாற்றலாம். பழைய உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஆனால் 1950களின் கிறிஸ்-கிராஃப்ட் என்ற அமெரிக்க மோட்டார் படகில் மஹோகனி மரத்தின் அடர்சிவப்பை எடுத்துவிட்டு வெளிர் நிறம் பூசும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். சாயம் மரத்துளைகளுக்குள் இறங்கிவிடும். அதை எடுக்கத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் பலகை மெலியும்.

இன்னொன்று, ஒரிஜினல் என்று நீங்கள் தொடப் பயப்படும் அந்தச் சிவப்பே முந்தைய உரிமையாளரின் ரசனையாக இருக்கலாம். கயிறு கட்டும் கிளீட் ஒன்றைக் கழற்றி அடியில் பாருங்கள். வெயில் படாத அந்தக் கையகல இடத்தில் பழைய நிறம் தெரியக்கூடும். அவரும் கழற்றிவிட்டுத்தான் பூசினார் என்றால் ஒன்றும் தெரியாது.

அப்புறம், படகின் வரிசை எண்ணான ஹல் எண்ணைக் குறித்துக்கொண்டு அமெரிக்காவில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். கிறிஸ்-கிராஃப்ட் கம்பெனி படகுவாரியாக எழுதிவைத்த பழைய ஹல் கார்டுகள் அங்கேதான் இருக்கின்றன. படகு எந்த எஞ்சினோடு வெளியே போனது என்பது அதில் இருக்கும்.

போட்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கிரீம் சீட்டுக்கும் மதிப்பெண் குறையலாம். பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் புளோயர் இல்லையென்றால் மட்டும் ஒரிஜினல் பார்க்காமல் மாட்டிவிடுங்கள்.