ஐடியா எங்கிருந்து வருகிறது?

ஓரிடத்தில் பார்த்ததைச் சம்பந்தமே இல்லாத இன்னோரிடத்தில் பொருத்துவதுதான் படைப்பூக்கம். மனசு வெறும் கையில் முழம் போடாது. உள்ளே கிடப்பதைத்தான் கோக்கும். மீந்த இட்லி உப்புமா ஆகிறதே, அதுபோல. ஆனால் முதலில் இட்லி மீந்திருக்க வேண்டும்!

பெங்களூரு அல்சூரில் எதிர்வீட்டுப் பாட்டி விடியலில் புள்ளி வைத்து, இழை அறாமல் வளைத்து, தொடங்கிய புள்ளிக்கே வந்து முடிப்பார். நான் பால் பாக்கெட்டோடு நின்று பார்ப்பேன். இந்த மாதிரி வாசல் கோலங்களைத்தான் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1974-இல் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக, அதாவது ஒரு வடிவத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளாக, எழுதிக் காட்டினார்கள்.

‘அப்போ இது காப்பிதானே?’ என்று சிலர் கேட்பார்கள். கோலத்தை அப்படியே வரைந்தால் காப்பி. அதன் விதியை எடுத்து வேறு வேலைக்கு வைத்தால் அது வேறு.