பெல்லட்டா, ஸ்லக்கா? 4.5 மிமீ ஏர் ரைஃபிள் சோதனை: கேள்வி பதில்

குமரி மாவட்டத்து ஏர் ரைஃபிள்காரர்கள் கேட்டவை இவை. பேச்செல்லாம் உரிமம் தேவைப்படாத 4.5 மிமீ ரைஃபிள்களைப் பற்றியது. பெல்லட் என்பது இடுப்பு ஒடுங்கிய வழக்கமான ஈயக்குண்டு, ஸ்லக் என்பது உருளை வடிவ ஈயக்குண்டு.

தக்கலை: அண்ணே, ஸ்லக் போட்டா 50 மீட்டர்ல எல்லாம் ஒரே ஓட்டையில விழும்னு வீடியோல காட்டுதாவ. நாமளும் மாறிரலாமா?

பதில்: அந்த வீடியோக்களில் இருப்பது பெரும்பாலும் 5.5 மிமீ அல்லது அதைவிடப் பெரிய பேரல். பவரும் நம்முடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆயுத விதிகள் 2016-ன்படி 4.5 மிமீ, 20 ஜூல் என்ற இரண்டு எல்லைக்குள்ளும் இருந்தால்தான் உரிமம் வேண்டாம். ஒன்றைத் தாண்டினாலும் வேண்டும்.

20 ஜூலை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8.44 கிரெய்ன் பெல்லட் (0.547 கிராம்) நொடிக்கு 270 மீட்டரில் கிளம்பும். 10.34 கிரெய்ன் என்றால் 244 மீட்டர். 13 கிரெய்ன் ஸ்லக் 218, 16 கிரெய்ன் ஸ்லக் வெறும் 196. ஸ்லக்குகள் நன்றாக ஓடுவது பொதுவாக 260-க்கு மேல். அதனால் 40 மீட்டர் வரை பெல்லட்டே போதும் என்பது என் கட்சி. பிசிபி (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் ரைஃபிள்), 50 மீட்டர், பக்கக் காற்று இந்த மூன்றும் உங்களுக்கு இருந்தால் 10 முதல் 13 கிரெய்னுக்குள் ஒரு ஸ்லக் டின் வாங்கிச் சோதியுங்கள். ஒரு டின் போதும்.

கருங்கல்: ரெண்டும் ஈயம்தானே சார், பேரலுக்கு எப்படித் தெரியும் எது எதுன்னு?

பதில்: நன்றாகவே தெரியும். பெல்லட்டுக்கு இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் குழிவான பாவாடை. கனம் முன்னால், காற்றுத் தடை பின்னால். இறகுப்பந்து மாதிரி மூக்கு தானாகவே முன்னோக்கி நிற்கும், சுழற்சி கூடுதல் உதவி மட்டும்தான். பாவாடை மெல்லியது என்பதால் காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் அளவு முன்பின் இருந்தாலும் மன்னித்துவிடும்.

ஸ்லக் ஒரு உருளை. அதை நேராக நிறுத்துவது சுழற்சி மட்டுமே. உடம்பு முழுக்க பேரலில் உரசுவதால் 0.02 மிமீ வித்தியாசம்கூட குரூப்பில் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் சிதறல் அகலத்தில்) தெரியும். பெரும்பாலான ஸ்லக் 0.177, 0.178 அங்குலம் என்று இரண்டு அளவில் வருவதற்குக் காரணம் அதுதான். பேரல் வாயில் சோக் (முனைக்கு அருகே விடும் சிறு ஒடுக்கம்) இறுக்கமாக இருந்தால் பெல்லட்டுக்குக் கொண்டாட்டம், ஸ்லக்குக்குத் திண்டாட்டம்.

மார்த்தாண்டம்: என் பேரலின் ட்விஸ்ட் ஸ்லக்குக்குப் போதுமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ட்விஸ்ட் என்பது பேரலின் உட்சுருள் வரி ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நீளம். கைப்பிடி சுழலும் வகை கிளீனிங் ராடில் துணித்துண்டை இறுக்கமாகச் சுற்றி, பேரலுக்குள் தள்ளுங்கள். ராடில் மார்க்கரால் ஒரு கோடு. அந்தக் கோடு மேலிருந்து கீழே வரும்வரை (அரைச் சுற்று) ராடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து இரட்டியுங்கள். பேரல் நீளம் ஒரு முழுச் சுற்றுக்குப் போதாது என்பதால்தான் அரைச் சுற்று. மூன்று முறை அளந்து பாருங்கள், துணி வழுக்கினால் கணக்கு தப்பும்.

ஏர் ரைஃபிள்களில் சாதாரணமாக 400 முதல் 450 மிமீக்கு ஒரு சுற்று வரும். கிரீன்ஹில் சூத்திரம் ஒரு பழைய கைக்கணக்கு: 150-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி ட்விஸ்ட்டால் வகுத்தால் தாங்கக்கூடிய நீளம் கிடைக்கும். 450 மிமீ ட்விஸ்ட்டுக்கு 150 × 20.25 ÷ 450 = 6.75 மிமீ. 400 என்றால் ஏறத்தாழ 7.6. உங்கள் ஸ்லக்கை வெர்னியரில் அளந்து, இதற்கு அரை மிமீயாவது குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் நிற்கும் ஸ்லக்கை வாங்காமல் விடுவது நல்லது.

குளச்சல்: என்னிடம் இருப்பது ஸ்பிரிங் ரைஃபிள். ஸ்லக் போடலாமா?

பதில்: வேண்டாம். கனமும் இறுக்கமுமான ஸ்லக் நகரத் தாமதமாகும், பிஸ்டன் முன்னால் வந்து காற்று மெத்தையில் மோதித் திரும்பும். வேகம் விழும், உதறல் கூடும், சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் தேயும். ஸ்பிரிங்குக்கு 7 முதல் 8.5 கிரெய்ன் பெல்லட்டே சரி.

நாகர்கோவில்: நேர்மையா ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை சொல்லுங்க. படிப்படியா வேணும்.

பதில்: முதலில் பேரல். நைலான் இழையில் துணி கோத்து, பிரீச்சிலிருந்து (குண்டு போடும் பின்முனை) வாய்ப்பக்கம் இழுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை. பித்தளைப் பிரஷ் போடாதீர்கள். சுத்தம் செய்த பேரல் உடனே சரியாகச் சுடாது. ஈயப்பூச்சு மறுபடி படிய 15, 20 குண்டு போக வேண்டும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இதே கதைதான். பெல்லட் சுட்ட கையோடு ஐந்து ஸ்லக் போட்டுவிட்டு ‘ஸ்லக் சரியில்லை’ என்பவர்கள்தான் அதிகம். அந்த ஐந்தும் கணக்கிலேயே சேராது.

அடுத்து, தள்ளிப் பார்க்கும் சோதனை. சார்ஜ் இல்லாத ரைஃபிளில், ஒரு ஸ்லக்கை ராடால் மெதுவாகப் பேரல் முழுக்கத் தள்ளி வெளியே எடுங்கள். சுற்றிலும் ரைஃப்ளிங் வரி (பேரலின் உட்சுருள் பள்ளத்தின் தடம்) ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் வழுவழுப்பு என்றால் கோணலாக நுழைகிறது. வரியே மங்கல் என்றால் அளவு சிறியது, 0.178 பாருங்கள். பெல்லட்டில் தலையில் லேசான வரி, பாவாடையில் அழுத்தமான வரி போதும். டின்னில் 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு அச்சிட்டிருக்கும். அதிலும் இரண்டு அளவாவது சோதிக்கணும்.

லோடிங்கையும் கவனியுங்கள். மேகசின் பெல்லட் நீளத்துக்குச் செய்தது. நீளமான ஸ்லக் அதில் தடுக்கி, நுழையும்போது ஓரம் சீவப்படும். சோதனைக்கு ஒற்றைத் தட்டில் ஒவ்வொன்றாகப் போடுவதே நல்லது. போல்ட்டின் முனை ஸ்லக்கை டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்கு (காற்று பேரலுக்குள் வரும் துளை) அப்பால் தள்ளியிருக்க வேண்டும். பாதி அடைத்துக்கொண்டு நின்றால் ஒவ்வொரு குண்டுக்கும் வேகம் ஒவ்வொன்றாக வரும்.

இனி சுடுவது. முன்னால் மணல் பை, பின்னால் சின்னப் பை. காகிதத்தைத் தளர்வாகத் தொங்கவிட்டால் உருண்டைத் தலை பெல்லட் கிழித்துவிடும், அளக்க முடியாது. சார்ட் அட்டையில் ஒட்டுங்கள். 25 மீட்டரில் தொடங்கி, அங்கே தேறியதை மட்டும் 50-க்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஐந்து குண்டு கொண்ட ஐந்து குரூப். காலை முழுக்க ஒன்று, வெயில் ஏறியபின் மற்றொன்று என்று சுடக் கூடாது. பெல்லட், ஸ்லக், ஸ்லக், பெல்லட் என்ற வரிசையில் போங்கள். மாறும்போது விடும் குண்டுகளைத் தனி அட்டையில் விடுங்கள். பிசிபி என்றால் ரெகுலேட்டர் (ஒவ்வொரு குண்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி) அழுத்தத்துக்கு மேலேயே கேஜ் நிற்கட்டும்.

அளப்பது: வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை எடுத்து, 4.5 மிமீ கழியுங்கள். 14.2 வந்தால் குரூப் 9.7. நடுப்புள்ளியிலிருந்து எங்கே விழுந்தது என்பதைப் பார்க்கவே வேண்டாம். கனம் மாறினால் இடம் மாறத்தான் செய்யும், அதை ஸ்கோப் திருத்திக்கொள்ளும்.

இரணியல்: மூணு குண்டுல 6 மிமீ குரூப் வந்துச்சு அண்ணே, ஸ்லக்தான் ஜெயிச்சுட்டு!

பதில்: தம்பி, மூன்று குண்டு எதையும் நிரூபிக்காது. சராசரி 15 மிமீ தரும் ரைஃபிள் ஐந்து குண்டில் ஒருமுறை 10, மறுமுறை 20 காட்டுவது இயல்பு. ஐந்து குரூப்பின் சராசரியை எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கால் பங்குக்குக் குறைவு என்றால் வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொண்டு, விலை குறைந்ததை வாங்குங்கள். ‘அது நான் இழுத்துட்டேன்’ என்று ஒரு குண்டைக் கழிப்பதும் கூடாது. கழிக்கணும் என்றால் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லணும்.

வெட்டூர்ணிமடம்: குரோனோகிராஃப் கட்டாயமா?

பதில்: குண்டின் வேகத்தை அளக்கும் அந்தக் கருவி, பிசிபியில் ஸ்லக் போடுபவருக்குக் கட்டாயம். முதல் காரணம் சட்டம். ஸ்பிரிங் ரைஃபிளில் கனமான குண்டு போட்டால் ஆற்றல் பெரும்பாலும் குறையும். பிசிபியில் கூடும். 8.44 கிரெய்னில் 19 ஜூல் காட்டும் ரைஃபிள் 13 கிரெய்னில் 20-ஐத் தாண்டிப் போகலாம். தாண்டினால் ஹேமர் ஸ்பிரிங்கை (காற்று வால்வைத் தட்டும் சுத்தியலின் ஸ்பிரிங்) தளர்த்துங்கள் அல்லது ரெகுலேட்டரை இறக்குங்கள். கணக்கு எளிது: கிராமில் எடை × வேகம் × வேகம் ÷ 2000 = ஜூல்.

இரண்டாவது காரணம் மேல்கீழ் சிதறல். 240 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரில் ஏறத்தாழ 25 செமீ இறங்கும். வேகம் 1 சதவீதம் மாறினால் 5 மிமீ மேலோ கீழோ போகும். குரூப் செங்குத்தாக நீண்டிருந்தால் குண்டைக் குறை சொல்லும் முன் குரோனோவைப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி: எங்க ஊர்ல காத்து நிக்கவே நிக்காது. இங்கதான் ஸ்லக் ஜெயிக்கும்னு சொல்லுதாங்க, சரியா?

பதில்: தத்துவப்படி சரி. ஆனால் சோதனைக்கு உங்கள் ஊர் ஆகாது. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதே கணவாய்க் காற்றை நம்பித்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே அளப்பது குண்டின் குணமாக இருக்காது, காற்றின் குணமாகத்தான் இருக்கும். முதலில் மறைவான தென்னந்தோப்பில், காலை ஏழு மணிக்குள், குரூப்பைத் தீர்மானியுங்கள். அதில் தேறிய இரண்டை மட்டும் காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

காற்று தள்ளும் தூரத்துக்குக் கணக்கு உண்டு: பக்கக் காற்றின் வேகம் × (உண்மையில் எடுத்த நேரம் − வேகம் குறையாமலே போயிருந்தால் எடுத்திருக்கும் நேரம்). 244 மீட்டர் வேகத்தில் 50 மீட்டருக்கு 0.205 வினாடி ஆக வேண்டும். வழியில் வேகம் இறங்கி 0.228 ஆனால் பின்தங்கல் 0.023. நொடிக்கு 3 மீட்டர் காற்றில் 7 செமீ விலகல். ஸ்லக் அந்தப் பின்தங்கலைப் பாதியாக்கினால் விலகல் 3.5 செமீ. லாபம் பெரிதுதான். ஆனால் அமைதியான காற்றிலேயே ஸ்லக்கின் குரூப் 4 செமீ என்றால் இந்த லாபம் எங்கே போனது? சுடும் இடத்திலும் பாதி வழியிலும் கம்பியில் ரிப்பன் கட்டி, இரண்டும் ஒரே பக்கம் ஆடும்போது மட்டும் விசையைத் தொடுங்கள்.

குலசேகரம்: 25 மீட்டரில் சரியாக இருக்கிறது, 50-இல் காகிதத்தில் நீள்வட்ட ஓட்டை. ஏன்?

பதில்: ஸ்லக் தள்ளாடுகிறது, அல்லது புரள்கிறது. மூன்று சந்தேகம். ட்விஸ்ட்டுக்கு நீளம் அதிகம். வாயில் சைலன்சரோ ஷ்ரௌடோ (பேரலைச் சுற்றிய உறை) இருந்தால் அதன் தடுப்பில் உரசுகிறது. அல்லது பேரல் வாய் விளிம்பில் காயம். உரசலைக் கண்டுபிடிக்க எளிய வழி, தடுப்பைத் திறந்து ஈயக்கீறல் தேடுவது. கீறல் இல்லை, வாயும் சுத்தம் என்றால் ஒரு படி கனம் குறைந்த, அதாவது நீளம் குறைந்த ஸ்லக்குக்கு இறங்குங்கள். வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்பார்கள். 20 ஜூல் எல்லைக்குள் அதற்கு இடமில்லை.

தோவாளை: எடை போட்டுப் பிரிப்பது பிரயோசனமா?

பதில்: 25 மீட்டருக்கு இல்லை. 50-க்கு ஓரளவு. 0.1 கிரெய்ன், அதாவது 6.5 மில்லிகிராம் வித்தியாசம் 8.44 கிரெய்ன் பெல்லட்டில் 50 மீட்டருக்கு ஏறத்தாழ 3 மிமீ உயர வித்தியாசம் தரும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். அதைவிட முதலில் பாவாடை நசுங்கியதைப் பொறுக்கி எறியுங்கள், அது தரும் பலன் கூடுதல்.

முட்டம்: டின்னைத் திறந்தால் வெள்ளைப் பொடி. பேரலிலும் துரு. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துக் கெட்டியாகும், வேண்டவே வேண்டாம். வெளி இரும்புக்கு மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தடவித் துடையுங்கள். பிசிபியின் அழுத்தப் பகுதிக்குள் சிலிக்கோன் தவிர வேறெந்த எண்ணெயும் போகக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் தீப்பிடித்து வெடிக்கலாம். வெள்ளைப் பொடி ஈயம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து பூத்தது. அந்த டின்னைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். ஊதாதீர்கள், கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். கடற்கரையில் டின்னைச் சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் வைப்பது நல்லது.

திருவட்டாறு: ரப்பர் தோட்டத்துல 50 மீட்டர் கிடைக்கும். மரத்துல அட்டை குத்திச் சுடலாமா?

பதில்: கூடாது. ரப்பர் மரம் காயப்படும், தவிர நம் மாவட்டத்தில் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு வீடு இல்லாத இடம் அபூர்வம். ஸ்லக் பெல்லட்டைவிட வேகத்தைத் தக்கவைக்கும், தவறினால் சில நூறு மீட்டர் போகும். குறைந்தது 30 செமீ ஆழ மணல் பெட்டி, அதன் பின்னால் மண் மேடு. பாறையும் செங்கல்லும் திருப்பி அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பறவை, அணில் பக்கம் திருப்பாதீர்கள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஏர்கன் என்று விட்டுவிடாது.

நாகர்கோவில்: என் மகள் 10 மீட்டர் போட்டிக்குப் பழகுகிறாள். அவளுக்கு ஸ்லக்?

பதில்: தேவையே இல்லை. அந்தப் போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி அரை மிமீ. தட்டைத் தலை பெல்லட் வட்டமாக, சுத்தமாக வெட்டும். மற்றவை கிழிக்கும். ஒரே பிராண்டில் மூன்று தலை அளவு வாங்கி, ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி, ஒவ்வொன்றிலும் பத்து குண்டு கொண்ட மூன்று குரூப் சுடுங்கள். எந்த அளவு தேறுகிறதோ, அதே பேட்ச் எண்ணில் சீசனுக்குத் தேவையான டின்களை மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த பேட்ச் வந்தால் மறுபடி சோதனை.