ஆறு காலை எண்ண மூன்று வரை தெரிந்தால் போதும்

கேள்வி: எங்கள் அங்கன்வாடியில் 3 முதல் 5 வயது வரை 16 பிள்ளைகள். பூச்சிகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. பத்து நிமிடத்தில் புரட்டி முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் பெயர்களை ஒப்பிக்கிறார்கள்; முற்றத்தில் எறும்பைக் கண்டால் மிதிக்கிறார்கள். எட்டுக்கால் பூச்சி ஒரு பூச்சியே இல்லை என்று இந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாமா?
– அங்கன்வாடி பணியாளர், தக்கலை அருகே

பதில்: ஒரே நாளில் இருபது பக்கம் காட்டினால் பிள்ளையிடம் தங்குவது பெயர் மட்டும்தான். ஒரு பூச்சிக்கு ஒரு வாரம் கொடுங்கள். முதலில் முற்றம், பிறகு பக்கம். உயிருள்ள எறும்பு எண்ணுவதற்கு நிற்காது, படத்து எறும்பு நிற்கும். புத்தகத்தின் உபயோகமே அதுதான்.

எல்லாப் பக்கமும் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் தினமும் காணக்கூடிய நான்கைந்தைப் பொறுக்குங்கள்: கட்டெறும்பு, தும்பி, வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி, தேனீ. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வரைந்த புத்தகங்களில் உடம்பெல்லாம் ரோமமாக, பருத்த தேனீ ஒன்று இருக்கும். நம் மாவட்டத்துப் பிள்ளை பார்ப்பது ரப்பர் தோட்டத்து மரப்பெட்டிகளில் வளரும் சின்னத் தேனீயை. அது ரப்பரில் தேன் எடுப்பதும் பெரும்பாலும் பூவிலிருந்து அல்ல, தளிர் இலைக்காம்பின் நுனியில் ஊறுவதை. ‘இந்தப் படத்தில் இருப்பது வேற ஊர் தேனீ’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போங்கள்.

எறும்பில் தொடங்குவது நல்லது. நிழலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மிளகளவு கருப்பட்டித் தூளை நடுவில் வையுங்கள். எறும்பு வந்து சேரக் கால் மணி நேரமாகலாம். பொடி எறும்பென்றால் கால் தெரியாது, கட்டெறும்பு வேண்டும். அது கடிக்கும் என்பதால் ஒன்றை மட்டும் தாளோடு தட்டி, அகன்ற வாய் பிளாஸ்டிக் பாட்டிலில் விழவைத்து, வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். பத்து நிமிடம் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். பாட்டிலை வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே சூடேறி எறும்பு சீக்கிரம் செத்துப்போகும். மாமரத்து முசுறு (இலையில் கூடு கட்டும் செவ்வெறும்பு) பக்கம் மட்டும் பிள்ளைகளை விடவேண்டாம்.

இனிப் புத்தகம். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேர் போதும், மற்றவர்கள் களிமண்ணில் இருக்கட்டும். புத்தகத்தை மடியில் விரித்தால் உங்களுக்கு நேராகவும் எதிரில் இருக்கும் பிள்ளைக்குத் தலைகீழாகவும் தெரியும். பக்கவாட்டில், அவர்கள் கண் உயரத்தில் பிடியுங்கள். கால் எத்தனை என்று கேட்டால் பாதிப் பேர் எட்டு என்பார்கள். தப்பாக எண்ணவில்லை, தலையிலிருக்கும் இரண்டு உணர்கொம்புகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘இது மீசை’ என்று முதலிலேயே காட்டி, ஒரு துண்டுத் தாளால் தலையை மறைத்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள். மூன்று வயதுக்காரர் பத்து வரை பாடுவார், ஆனால் தொட்டு எண்ணும்போது ஒரு காலை இரண்டு தடவை தொடுவார், இன்னொன்றை விடுவார். ‘இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு’ என்றால் குழப்பம் இல்லை.

எண்ணியதைக் கையால் செய்யவிடுங்கள். களிமண்ணில் மூன்று உருண்டை: தலைக்குப் புளியங்கொட்டை அளவு, நடு உடலுக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிது, வயிற்றுக்கு நெல்லிக்காய் அளவு. இரண்டு விரற்கடை நீளத்தில் ஆறு ஈர்க்கில் துண்டுகள் கால்கள். பிள்ளைகள் பெரும்பாலும் வயிற்று உருண்டையில்தான் குத்துவார்கள், பெரிதாக இருப்பதால். அப்போது திருத்தாமல் புத்தகத்தை மறுபடி திறந்து, ‘கால் எங்கேயிருந்து வருது?’ என்று மட்டும் கேளுங்கள். ஆறும் நடு உருண்டையிலிருந்துதான். சில புத்தகங்களிலேயே வயிற்றில் கால் வரைந்திருப்பார்கள், வாங்கும்போது இதை முதலில் பாருங்கள். களிமண்ணில் தண்ணீர் கூடினால் ஈர்க்கில் சாய்ந்துவிடும். பிசைந்து அரை மணி நேரம் ஆறவிட்டுக் கொடுங்கள்.

எட்டுக்கால் பூச்சிக்கு வருவோம். விலங்கியலில் அது பூச்சி இனம் இல்லை. எட்டுக் கால், உடலில் இரண்டே பகுதி, உணர்கொம்பு கிடையாது. ஆனால் தமிழில் ‘பூச்சி’ வயிற்றுப் புழுவுக்கும் பெயர், இருட்டினால் பாம்புக்கும் பெயர். நான்கு வயதில் அந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தரையில் இரண்டு வட்டம் போட்டு, ஆறுகால் வீடு, எட்டுக்கால் வீடு என்று படங்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். மற்றது பள்ளிக்கூடத்தில் வரட்டும்.

வண்ணத்துப்பூச்சியில் ஒரு பிள்ளை ‘நாலு கால்தான்’ என்று அடம்பிடித்தால் உடனே மறுக்காதீர்கள். எருக்கஞ்செடிக்கு வரும் ஆரஞ்சு நிற வகை போலப் பலவற்றுக்கு முன்னங்கால் இரண்டும் குறுகி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், நிற்பது நான்கில்தான். கறிவேப்பிலையில் வளரும் கறுப்பு வகை ஆறிலும் நிற்கும்.

அந்தக் கறிவேப்பிலைப் புழுவை வளர்த்துப் பார்க்கலாம். சின்னதில் பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்தால் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவட்டைக் கொம்பு நீட்டி நாறும். பச்சையானதை எடுத்தால் சில நாட்களில் கூடாகிவிடும். ஒரு லிட்டராவது கொள்ளும் பாட்டில், துணி மூடி, சாய்வாக ஒரு குச்சி, தினமும் புதிய இலை, தினமும் எச்சத்தைத் தட்டுவது. இறுக்கமான மூடி போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்கலாம், மரத்திலிருந்து பறித்ததே நல்லது. புத்தகத்தில் பட்டுக்கூடு மாதிரி நூல் உருண்டை வரைந்திருந்தால் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்: இது நூல் சுற்றாது, இடுப்பில் ஒரே ஒரு நூல் கட்டிக் குச்சியில் சாய்ந்திருக்கும்.

மிதிப்பவர்களைத் திட்டிப் பலனில்லை. எறும்பு வரிசையைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு ‘காவல்’ வேலை கொடுங்கள். கரும்பலகைச் சாக்பீஸ்தான், எறும்பு மருந்துச் சாக்பீஸ் கூடவே கூடாது. கம்பளிப்புழு, குளவி, மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து கூட்டமாக வீட்டுக்குள் ஏறும் கறுப்பு வண்டு, இவை மூன்றையும் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று பார்க்கப் பழக்குங்கள்.

பாட்டிலில் இருக்கும் கறிவேப்பிலைப் புழுவின் கூடு கறுத்து இறகின் நிறம் வெளியே தெரிந்தால் அநேகமாக மறுநாள் காலை வண்ணத்துப்பூச்சி வரும். வந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் தொடக்கூடாது, தொங்கிக் காய இடமில்லாவிட்டால் இறகு சுருங்கியே போகும். சனிக்கிழமை கறுத்தால் பாட்டிலை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி பூட்டியிருக்கும்.