அம்மாவின் கட்டில் எங்கே?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். வயது 28. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் மாறி மாறி வரும். பழைய தோட்ட வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா இல்லை. என் சொந்த அக்கா கல்யாணமாகி கிள்ளானில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் மட்டைக் குவியலில் ஒரு மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. இரண்டரை அடிகூட இல்லை. எடுத்து வந்து வளர்த்தேன். இப்போது 11 அடி. கோழியை நன்றாகத் தின்கிறது, ஆனால் கோபம் மட்டும் குறையவில்லை. கதவைத் திறந்தாலே சீறுகிறது. என்னை நான்கு முறை கடித்துவிட்டது. கூண்டு போதாததால் பின்னறையை அதற்கு ஒதுக்கிவிட்டோம். அம்மா இப்போது ஹாலில்தான் படுக்கிறார், டிவி பார்க்க வசதி என்கிறார். முட்டிவலி இருந்தாலும் அம்மா தைரியசாலி. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர், பாம்பெல்லாம் பார்த்துப் பழகியவர். இதைச் சாந்தமாக்க என்ன வழி? பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டேன், விட மனமில்லை.

பதில்: தம்பி, பாம்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் ஹாலுக்கு வாருங்கள்.

"டிவி பார்க்க வசதி என்கிறார்." நம் அம்மாக்கள் எதற்கெல்லாம் இப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அடிப்பிடித்த சோறுதான் ருசி என்பார்கள். தீபாவளிக்குப் புடவை வேண்டாம், போன வருடத்தது மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்பார்கள். அதைக் கேட்டு நம்பிவிடுகிற வயதா உங்களுக்கு? இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. பாம்புக்குப் பதிலாக நாய்கள் இருக்கும், மீன்தொட்டிகள் இருக்கும், பிரித்துப் போட்ட மோட்டார்சைக்கிள் இருக்கும். வீட்டில் இடம் போதாமல் போனால் நகர்ந்து கொடுப்பவர் அம்மாதான். பிள்ளை அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

பின்னறையில் அம்மாவின் கட்டில் இருந்ததா? இப்போது அது எங்கே? துணி அலமாரி எங்கே? ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறாரென்றால், முட்டிவலியோடு நடுராத்திரியில் எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்? பழைய தோட்ட வீடுகளில் குளியலறை பின்பக்கம்தான் இருக்கும். உங்கள் வீடும் அப்படியென்றால், இருட்டில் அந்தப் பின்னறைக் கதவைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போய்வருகிறார். நீங்கள் அப்போது ஆலையில் இருக்கிறீர்கள். பதினோரு அடிப் பாம்புக்கும் தனியாக இருக்கிற அம்மாவுக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவும் தாழ்ப்பாளும். இதற்குப் பெயர் வசதியா?

பால்வெட்டுக்குப் போனவர், பயப்பட மாட்டார் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போனாரே, பயமில்லாமலா போனார்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், கூலியும் குறையும் என்பதால் போனார். உங்களுக்குப் பள்ளிச் சீருடை வாங்கப் போனார். 1995-ல் ஜொகூர் சிகாமட்டில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரை மலைப்பாம்பு சுற்றிக் கொன்ற செய்தி அப்போது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் மறுநாளும் வேலைக்குப் போகத்தான் செய்தார்கள். அப்படி வயிற்றுப்பாட்டுக்காகப் பயத்தை விழுங்கிய ஒருவர், ஓய்வுக் காலத்தில் சொந்த வீட்டுக்குள் அதையே விழுங்க வேண்டுமா? அவர் காட்டிய தைரியத்தை எடுத்து உங்கள் பொழுதுபோக்குக்குச் செலவு செய்கிறீர்கள். வளர்ந்த மகன் செய்கிற காரியமா இது?

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது மலாய்க்காரர்கள் உலார் சாவா என்று சொல்கிற நம் ஊர் மலைப்பாம்பு. உலகிலேயே மிக நீளமாக வளர்கிற பாம்பு இதுதான். கோபக்காரப் பாம்பு என்ற பெயரும் இதற்கு உண்டு. வெளிநாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வந்தவை ஓரளவு அடங்கியிருக்கும். காட்டில் பிறந்ததை அப்படி எதிர்பார்க்க முடியாது. நீங்கள் கோபம் என்று சொல்வது அதன் பயம். ஓடி ஒளிய இடமில்லாத பாம்பு கடிக்கும், அவ்வளவுதான். தோட்டத்தில் இருந்திருந்தால் பகலில் ஒளிந்து கிடக்கும், இரவில் எலி தேடிப் போகும், ஓடைத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். சிமெண்டுத் தரையில் நாலு சுவருக்குள் அது வேறென்ன செய்யும்?

இன்னொன்றும் இருக்கிறது. கோழி போடத்தான் பெரும்பாலும் கதவைத் திறக்கிறீர்கள் என்றால், கதவு திறந்தால் தீனி என்று அது பழகியிருக்கும். உதட்டோரக் குழிகளால் உடம்புச் சூட்டை உணர்கிற பிராணி அது. கதவு திறந்ததும் சூடாக உள்ளே வருவது உங்கள் கை. விவரம் தெரிந்தவர்கள் நீளமான கொக்கிக் கம்பியால் அதன் உடம்பை மெல்லத் தொட்டு, இது தீனி நேரமில்லை என்று காட்டிய பிறகுதான் கிட்டே போவார்கள். கோழி வாசனையுள்ள கையோடு போக மாட்டார்கள். சட்டை உரிக்கும் முன் கண் மங்கியிருக்கும் நாள்களில் தொடவே மாட்டார்கள். இதையெல்லாம் செய்தால் கடி குறையும், நின்றுவிடாது.

அவர்களுக்குள் இன்னொரு விதியும் உண்டு. பத்தடியைத் தொட்டுவிட்ட பாம்பை ஒருவர் தனியாகக் கையாளக்கூடாது, பக்கத்தில் பலமுள்ள இன்னொரு ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் யார்? முட்டிவலிக்கார அம்மா. உங்கள் கழுத்தை அது சுற்றினால் பிரித்துவிட அவர்தான் ஓடிவர வேண்டும். இதை நினைத்துப் பார்த்துவிட்டா சாந்தமாக்க வழி கேட்டீர்கள்?

பதினோரு அடிப் பாம்பு பெரிய மனுஷியை விழுங்கிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. மலைப்பாம்பால் மனிதர் சாவது அபூர்வம். ஆனால் கொல்வதற்கு விழுங்க வேண்டியதில்லை. 2013 ஆகஸ்டில் கனடாவின் கேம்பல்டன் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். அது ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அதுவும் முரட்டுப் பெயர் எடுத்த இனம், சுமார் 14 அடி. இரவில் கூண்டிலிருந்து காற்றுக்குழாய் வழியாக வெளியேறி, கூரைப் பக்கமிருந்து ஹாலில் விழுந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், ஆறு வயதும் நாலு வயதும், இறந்துபோனார்கள். பழைய தோட்ட வீடுகளில் அறைச் சுவர் கூரைவரை எட்டாமல் மேலே இடைவெளி விட்டிருப்பார்கள். உங்கள் பின்னறைச் சுவரை இன்று அண்ணாந்து பாருங்கள். இந்தப் பாம்பு நன்றாக ஏறும்.

அது பெண்ணாக இருந்தால் இன்னும் வளரும், 16 அடி, 18 அடிகூடப் போகும். இருபது வருடத்துக்கு மேல் வாழும். அதுவரை அம்மா ஹாலிலா? நாளைக்கு உங்களுக்கென்று ஒரு பெண் வந்தால் அவளை எங்கே வைப்பீர்கள்? பிள்ளை மாதிரி என்கிறீர்கள். பாம்புக்கு உங்களைப் பிள்ளையாகவோ தகப்பனாகவோ தெரியாது, அதில் அதன் தப்பு ஒன்றுமில்லை. உங்களைப் பிள்ளை என்று நினைக்கிறவர் ஹாலில் இருக்கிறார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்த மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட உயிர். உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பேஸ்புக்கில் ஆள் தேடி விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாக்கில் கட்டிப் போய்த் தோட்டத்தில் அவிழ்த்துவிடவும் வேண்டாம். கோழி தின்று பழகியது, மனித வாடைக்கும் பழகியது, லயத்து வீடுகள் பக்கம்தான் திரும்பி வரும். அடித்துக் கொல்வது பாவம், அதைச் சொல்லவே வேண்டியதில்லை. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி ஒப்படையுங்கள். கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். செய்த காரியத்துக்குப் பதில் சொல்வதும் ஆண்பிள்ளையின் பொறுப்புதான்.

அவர்கள் வரும்வரை அறைக்கு வெளிப்பூட்டு போடுங்கள், மேல் இடைவெளியைப் பலகையோ கம்பிவலையோ வைத்து அடையுங்கள். தனியாக உள்ளே போகாதீர்கள். வாரம் பத்து நாள் தீனி இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. தப்பித்தவறிச் சுற்றிக்கொண்டால் வால் பக்கத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும்போது பிடித்து இழுக்கக்கூடாது, பற்கள் உள்நோக்கி வளைந்தவை, சதை கிழியும். அறையை விட்டு வெளியே வந்துவிட்டால் 999-க்குப் போன் போடுங்கள், தீயணைப்புப் படையான பொம்பா வருவார்கள்.

இந்த வாரம் இரவு ஷிப்ட் என்றால் அம்மாவைக் கிள்ளானுக்கு அனுப்பிவிடுங்கள். அக்காவுக்கு நீங்களே போன் போட்டு, கட்டில் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அம்மா சொல்லியிருக்க மாட்டார்.