குழந்தைக்கு ரத்தமும் சளியுமாகப் போனால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

மூன்று வயதுப் பையனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், ரத்தமும் சளியுமாகப் போகிறது, மெடிக்கலில் கொடுத்த மெட்ரோனிடசோலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்; மழைக்காலம் வந்தால் இதே மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற அம்மாக்களைப் பார்க்கிறேன்.

காய்ச்சலோடு, அடிவயிறு கடுத்து, முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அது சீதபேதி. கிருமி பெருங்குடலின் உட்புறத்தைப் புண்ணாக்குவதால்தான் ரத்தம் வருகிறது. நம் ஊரில் பலரும் உடனே அமீபா என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு முக்கியக் காரணம் ஷிகெல்லா என்கிற பாக்டீரியா. மெட்ரோனிடசோல் அமீபாவைக் கொல்லும், ஷிகெல்லாவை ஒன்றும் செய்யாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாளெல்லாம் வீண். ஷிகெல்லா தொற்றினால் சில குழந்தைகளுக்கு வலிப்புகூட வரும். அதற்கான ஆன்டிபயாடிக் வேறு. சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், செஃப்ட்ரையாக்சோன் இவற்றில் எது, எவ்வளவு என்பதை எடையையும் நிலைமையையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

அமீபாதானா என்று தெரிய மலப் பரிசோதனை உண்டு. மாதிரி புதிதாக இருக்க வேண்டும், முடிந்தால் அரை மணி நேரத்துக்குள். ஆறிப்போனால் உயிரோடு நகரும் அமீபா லேபில் தெரியாது. ராத்திரி எடுத்து பிரிட்ஜில் வைத்துக் காலையில் கொண்டுவராதீர்கள்.

பேதியை நிறுத்துகிற லோபரமைடு கொடுக்கவே கூடாது. குடல் அசைவு நின்றுபோனால் கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஓஆர்எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். டெட்ரா பேக்கில் வரும் பழச்சுவைப் பானங்கள் இதற்குச் சரிவராது, சர்க்கரை அதிகம். துத்தநாக மருந்து தினம் 20 மி.கி., 10 முதல் 14 நாள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், குழைந்த சாதம், இட்லி, தயிர் எல்லாம் கொடுக்கலாம்.

அப்புறம், ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, சிவப்பு ஜெல்லி மாதிரி போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டிருக்கலாம். அது அவசரம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் பையனுக்கும் கண் குழிந்தாலோ, கூப்பிட்டால் மந்தமாகப் பார்த்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, முகம் வெளுத்தாலோ ராத்திரியானாலும் காத்திருக்காதீர்கள்.

ஷிகெல்லா தொற்ற 10 முதல் 100 கிருமிகளே போதும். அதனால் அவனுக்குக் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இன்னொரு பிள்ளைக்கு ஊட்டாதீர்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பித்து இரண்டு நாளில் ரத்தமும் காய்ச்சலும் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம், மறுபடி அதே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்.