83 கி.மீ. உயரத்து மேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: தரையிலிருந்து பார்க்கும் இரவொளிர் மேகமும் செயற்கைக்கோள் பார்க்கும் துருவ மீசோஸ்பியர் மேகமும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான். மீசோஸ்பியர் என்ற வளிமண்டல அடுக்கில் சுமார் 83 கி.மீ. உயரத்தில் மிதக்கும் பனித்துகள். கோடையில்தான் வரும். துருவக் கோடையில் அந்த உயரத்தில் காற்று மேலேறி விரிவதால் வெப்பநிலை மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போய்விடும்.

கேள்வி: ஏன் புற ஊதாக் கதிரில் படமெடுக்கிறார்கள்?

பதில்: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கீழேயுள்ள பனிப்பரப்பும் சாதாரண மேகங்களும் இந்த மெல்லிய படலத்தை மறைத்துவிடும். 265 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாவில் கீழிருந்து வரும் ஒளியை ஓசோன் விழுங்கிவிடுகிறது, பின்னணி கறுத்துவிடுகிறது. அப்போதும் காற்று சிதறடிக்கும் ஒளி கொஞ்சம் மிஞ்சும். அதனால்தான் இந்த மேகங்களை ஆராய 2007 ஏப்ரலில் ஏவப்பட்ட நாசாவின் எய்ம் செயற்கைக்கோளில் சிப்ஸ் என்ற படக்கருவியில் நான்கு கேமராக்கள். ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்க்கும்போது, காற்று முன்னும் பின்னும் ஒரேபோல் சிதறடிக்கும். பனித்துகளோ முன்பக்கம் அதிகமாகச் சிதறடிக்கும். அந்த வித்தியாசத்திலிருந்துதான் மேகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள்.

கேள்வி: 1978 முதல் உள்ள எஸ்பியுவி என்ற செயற்கைக்கோள் புற ஊதாக் கருவியின் தரவில் கோடு போட்டுப் பார்த்தேன். மேகம் கூடுகிறது என்று சொல்லிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் தொடங்கி, அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் பல செயற்கைக்கோள்கள் வழியாக வந்த தொடர் அது. ஓசோனுக்காகச் செய்த கருவி. சுற்றுப்பாதை நகர நகர, ஒரே இடத்தைக் கடக்கும் உள்ளூர் நேரமும் மாறும். மேகத்தின் ஒளிர்வு நாளின் நேரத்தைப் பொறுத்து மாறுவது. திருத்தாவிட்டால் நேர மாற்றமே போக்கு மாதிரித் தெரியும். முதலில் 64–74 டிகிரி போல ஒரே அட்சரேகைப் பட்டை, கோடைச் சங்கராந்திக்கு (ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட நாள்) 20 நாள் முன்பிலிருந்து 55 நாள் பின்பு வரை என ஒரே காலம் எடுங்கள். அடுத்து உள்ளூர் நேரத் திருத்தம். பிறகு அடுத்தடுத்த இரு செயற்கைக்கோள்கள் சேர்ந்து இயங்கிய ஆண்டுகளை வைத்து ஒன்றோடொன்று பொருத்துங்கள். கடைசியில்தான் சூரியனின் செயல்பாடு கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியையும் நேர்கோட்டுப் போக்கையும் ஒன்றாகக் கணக்கிடுங்கள். இன்னொன்று: எஸ்பியுவியின் பார்வைப்புலம் சுமார் 170 கி.மீ. சதுரம். மங்கலான, சிதறிய மேகங்கள் அதில் தவறிவிடும். ஆகவே நீங்கள் அளப்பது பிரகாசமான மேகங்களைத்தான்.

கேள்வி: மீத்தேனுக்கு என்ன தொடர்பு?

பதில்: ஒரு மீத்தேன் மூலக்கூறு மேலே ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இரண்டு நீர் மூலக்கூறு கிடைக்கும். பனித்துகள் உருவாக நீர் வேண்டும்; வறண்ட அந்த உயரத்தில் அது பெரிய வரவு.

கேள்வி: எய்ம் இன்னும் இயங்குகிறதா?

பதில்: இல்லை, பேட்டரி பழுதாகி 2023இல் நின்றது. எஸ்பியுவி வரிசையை ஓஎம்பிஎஸ் என்ற புதிய ஓசோன் அளவீட்டுக் கருவிகள் தொடர்கின்றன.