சிறு வயதிலிருந்தே வேதம் படித்தவருக்கு இனி கற்க என்ன இருக்கிறது?

"சபையிலேயே வளர்ந்தவன், வேதத்தைப் பலமுறை வாசித்து முடித்தவன். விசுவாச வாழ்க்கையில் கடைசி வரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்களே, இன்னும் என்ன கற்க இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போல வளர்ந்தவன்தான். அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனப் போட்டி என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. ஆறாம் வகுப்பில் பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம் முழுவதையும் தடங்கல் இல்லாமல் ஒப்புவித்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். அதில் 13-ஆம் வசனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் போவேன். ஜெயிக்க வைக்கிற வசனம் என்றே நினைத்திருந்தேன்.

38 வயதில் வேலை போனது. பதினொரு மாதம் வருமானம் இல்லை. வீட்டு வாடகையை என் மைத்துனர்தான் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் அந்தக் கவரை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். 13-ஆம் வசனம் வாயிலேயே வரவில்லை. சரி, அதிகாரத்தை முழுசாக ஒருமுறை வாசிப்போம் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். அன்றுதான் அதற்கு முந்தின இரண்டு வசனங்கள் கண்ணில் பட்டன. "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல். அடுத்த வசனத்தில், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் "போதிக்கப்பட்டேன்" என்கிறார். அப்போது அவர் காவலில் கட்டப்பட்டிருந்தார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து மூலமாக அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு நன்றி சொல்லித்தான் அதை எழுதுகிறார். நான் ஜெயிப்பதற்கென்று வைத்திருந்த வசனம், பட்டினியிலும் நிலைகுலையாமல் இருக்கப் பழகிய ஒருவருடைய வசனம்.

அந்த அதிகாரத்தை ஒப்புவித்துப் பரிசு வாங்கிய எனக்கு அது புரிய 27 வருஷம் ஆனது. அடுத்த மாதம் கவரை வாங்கும்போது மைத்துனர் முகத்தைப் பார்த்து, "ரொம்ப நன்றி மாப்பிள்ளை" என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. உதவியை வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வதும் விசுவாசத்தில் ஒரு பாடம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அந்த அதிகாரம்தான் சொல்லித் தந்தது. எபிரெயர் 5:8 இயேசுவைப் பற்றியே, "அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு" என்கிறது. அவரே கற்றுக்கொண்டார் என்றால் எனக்குப் பாடம் முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? நாம் சாதாரணமாகச் சொல்கிற "சீஷன்" என்ற வார்த்தைக்கும் மாணவன் என்றுதானே பொருள்.

அப்புறம், யாரிடம் கற்பது என்பது. இதில்தான் நான் ரொம்ப நாள் தவறியிருந்தேன். படித்தவர் பிரசங்கம் பண்ண வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தவன் நான். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருமுறை லூக்கா 18, அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போன விதவையின் உவமையை நான் விளக்கினேன். விடாமுயற்சி என்று மூன்று குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு அக்கா, புருஷனை இழந்தவர்கள், கடைசியில் மெதுவாகச் சொன்னார்கள்: "அவ ஏன் திரும்பத் திரும்பப் போனான்னு எனக்குத் தெரியும் தம்பி. போறதுக்கு வேற இடம் இல்ல. அதான்." உதவித்தொகைக்காக இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். என் மூன்று குறிப்பையும் மடித்து வைத்துவிட்டேன். அந்த உவமையை அன்றுதான் கேட்டது போல இருந்தது.

அப்போஸ்தலர் 18-இல் அப்பொல்லோ வருகிறார். அலெக்சந்திரியாவில் பிறந்தவர், சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். அவரைச் சேர்த்துக்கொண்டு "அதிக திட்டமாய்" விவரித்துக் காட்டியவர்கள் யார்? கூடாரம் பண்ணிப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நம் தமிழ் வேதத்தின் தொடக்கமே அப்படி ஒரு கற்றலில்தான் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அந்த விரலிலிருந்துதான் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை முழு வேதத்தையும் வாசித்து முடிப்பதை விட்டுவிட்டேன். அது எனக்குக் கணக்கு முடிக்கிற வேலையாகிவிட்டது. இப்போது ஒரு புத்தகத்தை எடுத்தால் மாதக்கணக்கில் அதிலேயே இருப்பேன். பழைய மொழிபெயர்ப்போடு 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வேன். பழக்கத்தில் காது தாண்டிப் போய்விடுகிற வசனம் வேறு வார்த்தையில் வரும்போது நின்று கேட்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பழைய உபதேசியார் வீட்டுக்குப் போவேன். 81 வயது, கண் மங்கிவிட்டது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவருடைய வேதத்தின் ஓரமெல்லாம் பென்சிலில் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள். சிலவற்றின் பக்கத்தில் ஒரு வருஷம் எழுதியிருக்கும். விளங்கிய வருஷமாம். ஒரு கேள்விக்குறிக்கும் அதன் பக்கத்து வருஷத்துக்கும் நடுவில் முப்பது வருஷம் என்றார். மரணத்தை எதிர்பார்த்திருந்த பவுல், "புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும்" எடுத்துக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதை அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ரோமர் 9 வாசித்தோம். "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்று தேவன் சொல்கிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாயில் தடவிப் பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "அங்க ஒரு கேள்விக்குறி போடு தம்பி" என்றார்.